ஸ்பாய்லர் நாகரிகம்

ஒரு திரைப்படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ இன்னும் பார்க்காத ஒருவருக்கு, அதன் முடிவையோ முக்கியமான திருப்பத்தையோ அவர் கேட்காமலேயே தெரிவித்துவிடும் செய்தி 'ஸ்பாய்லர்' எனப்படுகிறது. 'கெடுப்பது' என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. தமிழ்ப் பேச்சு வழக்கில் 'சஸ்பென்ஸை உடைப்பது', 'கிளைமாக்ஸைச் சொல்லிவிடுவது' என்பார்கள். இணையத்தில் படங்களைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் இந்தச் செய்தியில் கடைப்பிடிக்கும் எழுதப்படாத நெறிகளையே ஸ்பாய்லர் நாகரிகம் என்கிறோம்.

இந்நெறிகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றுதான். கதையைத் தெரிந்துகொண்டு பார்ப்பதா, தெரியாமல் பார்ப்பதா என்பதை முடிவு செய்யும் உரிமை பார்க்கப் போகிறவருக்கு உரியது. முன்னதாகப் பார்த்துவிட்டவர் அந்த முடிவை அவர் சார்பில் எடுத்துவிடக் கூடாது. ஒரு படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் முடிவு தெரியாமல் பார்ப்பது ஒரே ஒரு முறைதான் இயலும்.

இக்கட்டுரையில் பல படங்களும் ஒரு நாடகமும் எடுத்துக்காட்டுகளாக வருகின்றன. எதன் முடிவும் இங்கே சொல்லப்படவில்லை.

எவை ஸ்பாய்லர்கள்?

கொலையாளி யார் என்று சொல்வது மட்டுமே ஸ்பாய்லர் என்று பலர் நினைக்கின்றனர். நடைமுறையில் அது பலவகைப்படும்.

1. முடிவைச் சொல்வது: நாயகன் வென்றானா, இறந்தானா, காதலர்கள் சேர்ந்தார்களா என்பன.

2. திருப்பத்தைச் சொல்வது: ஒரு பாத்திரத்தின் உண்மையான அடையாளம், மறைந்திருந்த உறவு, நண்பனாக வந்தவன் பகைவன் என்பது போன்றவை.

3. எதிர்பாராத வருகையைச் சொல்வது: விளம்பரத்தில் பெயர் இடம்பெறாத ஒரு நடிகர் ஒரு காட்சியில் தோன்றுவது. இதைத் தமிழ் ரசிகர்கள் 'கேமியோ' என்றே அழைக்கின்றனர்.

4. பூடகமாகச் சொல்வது: "கடைசி பத்து நிமிடம் யாருமே எதிர்பார்க்க மாட்டீர்கள்", "அந்த டாக்டரைக் கவனித்துப் பாருங்கள்" என்பன. இவற்றில் கதை எதுவும் இல்லை எனினும், கேட்டவர் படம் முழுவதும் அந்தத் திருப்பத்தையே எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்.

5. படமாகக் காட்டுவது: காணொளியின் முகப்புப் படத்தில் இறுதிக் காட்சியை வைப்பது. எழுத்தையாவது படிக்காமல் கடந்துவிடலாம். கண்ணில் பட்ட படத்தைத் திரும்பப் பெற முடியாது.

படத்தின் தொடக்கச் சூழல், முன்னோட்டத்தில் காட்டப்பட்ட காட்சிகள், நடிகர்கள், இயக்குநர், கதை நிகழும் இடம், காலம் ஆகியவற்றைச் சொல்வது பொதுவாக ஸ்பாய்லராகக் கருதப்படுவதில்லை.

தெரிந்த கதையும் தெரியாத கதையும்

கதை முன்பே தெரிந்தால் சுவை கெடும் என்பது எல்லாக் கலைகளுக்கும் பொருந்துவதன்று. தெருக்கூத்தில் துரியோதனன் முடிவு என்ன என்பது தெரியாமல் யாரும் வந்து உட்காருவதில்லை. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கதை நாட்கணக்கில் நடத்தப்படுகிறது. கூடியிருப்போர் அனைவருக்கும் கதை தெரியும். இராமாயணச் சொற்பொழிவும் அப்படியே. அங்கே 'அடுத்து என்ன' என்பதைவிட 'எப்படிச் சொல்கிறார், எப்படி ஆடுகிறார்' என்பதே சுவை.

திரைப்படம் பெரும்பாலும் புதிய கதையைச் சொல்ல முற்பட்டபோது நிலைமை மாறியது. தமிழ்நாட்டுத் திரையரங்குகளின் வாயிலில் முன்பு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் இதற்கு நல்ல சான்று. அவற்றில் பாடல் வரிகளுடன் கதைச்சுருக்கமும் இருக்கும். நாயகிக்கு இக்கட்டு நேரும் இடம் வரை கதையைச் சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிப்பது அப்புத்தகங்களின் வழக்கம். எதுவரை சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற அளவு அந்தக் கதைச்சுருக்கத்தை எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. இன்று இணையத்தில் விமர்சனம் எழுதுவோருக்கும் அதே அளவுகோல் போதுமானது.

படைப்பாளிகளின் வேண்டுகோள்கள்

முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளரிடம் கேட்டுக்கொள்வது இணையத்துக்கு மிகவும் முந்தைய வழக்கம்.

அகதா கிறிஸ்டி எழுதிய 'தி மவுஸ்டிராப்' என்னும் மர்ம நாடகம் 1952 நவம்பர் 25 அன்று லண்டன் அம்பாசிடர்ஸ் அரங்கில் தொடங்கியது. 1974இல் அருகிலுள்ள செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்குக்கு மாறியது. 2012 நவம்பரில் 25,000ஆவது காட்சியைக் கண்டது. கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்று, 2021 மே மாதம் மீண்டும் தொடங்கியது. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் நடிகர் ஒருவர் முன்வந்து, கொலையாளி யார் என்பதை மனத்துக்குள் வைத்துக்கொள்ளுமாறு அவையோரைக் கேட்டுக்கொள்வது மரபு. நாடகத்துக்கு மூலமான சிறுகதையை, நாடகம் நடைபெறும் வரை பிரிட்டனில் நூலாக வெளியிட வேண்டாம் என்றும் கிறிஸ்டி கேட்டுக்கொண்டார். அமெரிக்காவில் அக்கதை 1950இலேயே நூலாக வந்துவிட்டது. ஆகவே அந்த இரகசியம் உண்மையில் இரகசியமே அன்று, தேடுபவருக்குக் கிடைக்கும். ஆயினும் தலைமுறை தலைமுறையாகப் பார்வையாளர்கள் அந்த வேண்டுகோளை மதித்து வருகின்றனர்.

பிரெஞ்சு இயக்குநர் ஆன்றி ஜார்ஜ் குளூசோவின் 'லே டியாபோலிக்' 1955இல் வெளிவந்தது. பார்த்ததை நண்பர்களுக்குச் சொல்லி அவர்களின் ஆர்வத்தைக் கெடுக்க வேண்டாம் என்று அப்படத்தின் இறுதியில் எழுத்தில் அறிவித்தனர். கிறிஸ்டியின் மற்றொரு நாடகத்தைத் தழுவி பில்லி வைல்டர் இயக்கிய 'விட்னஸ் ஃபார் த பிராசிக்யூஷன்' படத்தின் முடிவில், 1957இல், இதே வேண்டுகோள் குரலாக ஒலித்தது.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960இல் வெளியிட்ட 'சைக்கோ' இவற்றையெல்லாம் விஞ்சியது. ராபர்ட் பிளாக் எழுதிய மூல நாவலின் உரிமையை ஹிட்ச்காக் தம் பெயர் தெரியாமல் வாங்கினார். விமர்சகர்களுக்குத் தனிக்காட்சி நடத்தவில்லை. அவர்களும் பொதுமக்களோடு அமர்ந்தே பார்க்க வேண்டியிருந்தது. படம் தொடங்கிய பின் யாரையும் அரங்குக்குள் விடக் கூடாது என்று திரையரங்கு உரிமையாளர்களுக்குக் கண்டிப்பான அறிவுரை வழங்கப்பட்டது. அக்கால அமெரிக்காவில் தொடர்ச்சியாக ஓடும் காட்சிகளில் பாதியில் நுழைந்து, அடுத்த காட்சியில் விட்டதைப் பார்த்துவிட்டுச் செல்வது சாதாரணம். அந்தப் பழக்கத்தையே 'சைக்கோ' அசைத்தது. கதையை முதலிலிருந்து, அது சொல்லப்படும் வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை ஒரு விதியாக்கிய படம் அது.

படப்பிடிப்பிலேயே இரகசியம் காத்த நிகழ்வும் உண்டு. 1980இல் வந்த 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' படத்தில் மிக முக்கியமான ஒரு வசனம் படப்பிடிப்பின்போது வேறொன்றாகப் பேசப்பட்டது. உண்மையான வசனம் பின்னர் குரல் பதிவில்தான் சேர்க்கப்பட்டது. படக்குழுவில் பெரும்பாலோருக்கே அது தெரியாமல் இருந்தது.

இணைய வழக்கத்தின் தொடக்கம்

'ஸ்பாய்லர்' என்ற சொல் இன்றைய பொருளில் பரவுவதற்கு ஒரு நகைச்சுவைக் கட்டுரை உதவியது. 1971 ஏப்ரலில் 'நேஷனல் லாம்பூன்' என்னும் அமெரிக்க நகைச்சுவை இதழில் டக் கென்னி 'ஸ்பாய்லர்ஸ்' என்ற தலைப்பில் எழுதினார். புகழ்பெற்ற பல படங்கள், நாவல்களின் முடிவுகளை வரிசையாகப் போட்டு உடைப்பதே அக்கட்டுரையின் வேடிக்கை.

அடுத்த கட்டம் கணினி வலையமைப்பில் நிகழ்ந்தது. 1980களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் இணைத்த யூஸ்நெட் என்னும் செய்திக்குழு அமைப்பில் திரைப்பட ஆர்வலர்கள் உரையாடத் தொடங்கினர். 1982இல் வெளிவந்த 'ஸ்டார் டிரெக்' வரிசையின் இரண்டாம் படத்தைப் பற்றிப் பேசும்போது, கதை தெரிய வேண்டாதவர் மேலே படிக்க வேண்டாம் என்னும் முன்னெச்சரிக்கையாக 'ஸ்பாய்லர் அலர்ட்' என்ற தொடரைப் பயன்படுத்தினர். அங்கே மூன்று உத்திகள் உருவாயின.

முதலாவது, தலைப்பிலேயே எச்சரிக்கை இடுவது. இரண்டாவது, எச்சரிக்கைக்குப் பின் ஒரு திரை அளவுக்கு வெற்று வரிகளை விட்டுவிட்டு, கீழே இறங்கி வருபவருக்கு மட்டும் தெரியுமாறு எழுதுவது. தமிழில் எழுதுவோர் சிலர் இன்றும் வரிக்கு ஒரு புள்ளியாக இட்டு நிரப்புவது இந்த உத்தியின் தொடர்ச்சியே.

மூன்றாவது, 'ராட்-13' என்னும் எளிய மறைகுறி முறை. ஆங்கில நெடுங்கணக்கில் 26 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக, அதிலிருந்து 13 இடம் தள்ளியுள்ள எழுத்தை எழுதினால் வரி படிக்க முடியாததாகிவிடும். அதையே மறுபடியும் 13 இடம் தள்ளினால் மொத்தம் 26 ஆகிப் பழைய வரி கிடைத்துவிடும். இது காவலுக்கான பூட்டு அன்று. யாரும் நொடியில் திறக்கலாம். ஆனால் தவறிக் கண்ணில் பட்டுவிடாது. படிக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் மட்டுமே படிப்பார். தெரிந்துகொள்ளும் முடிவைப் படிப்பவரிடமே விடுவது என்னும் நெறி இந்தச் சிறு கருவியில் தெளிவாகத் தெரிகிறது.

இன்று ரெடிட், டிஸ்கார்டு போன்ற தளங்களில் குறிப்பிட்ட வரிகளை மறைத்துக் காட்டும் வசதி உள்ளது. எழுதுபவர் வரியின் முன்னும் பின்னும் உரிய குறிகளை இட்டால் அது மறைக்கப்பட்டுத் தோன்றும். விரும்புபவர் தொட்டால் எழுத்து வெளிப்படும். வடிவம் மாறினாலும் 1980களின் எண்ணமே இதிலும் தொடர்கிறது.

ஒரே நேரத்தில் பார்ப்பது மறைந்தபோது

தொலைக்காட்சி ஒரே நேரத்தில் அனைவரையும் ஒன்று சேர்த்த காலத்தில் ஸ்பாய்லர் பெரிய சிக்கலாக இல்லை. அமெரிக்காவின் 'டாலஸ்' தொடரில், 1980 மார்ச் 21 அன்று ஒளிபரப்பான பகுதி முக்கியப் பாத்திரமான ஜே.ஆர். சுடப்படுவதுடன் நின்றது. சுட்டவர் யார் என்பது அதே ஆண்டு நவம்பர் 21 அன்றுதான் தெரிந்தது. எட்டு மாதங்கள் எல்லோரும் ஒன்றாகக் காத்திருந்தனர். எல்லோருக்கும் ஒரே இரவில் விடை கிடைத்தது. தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவே அங்கே இல்லை.

வீட்டிலேயே பதிவு செய்து பின்னர் பார்க்கும் கருவிகள் வந்ததும் அந்த ஒற்றுமை குலைந்தது. ஓடிடி தளங்கள் அதை முற்றிலும் மாற்றின. நெட்ஃபிளிக்ஸ் 2013 பிப்ரவரி 1 அன்று 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் முதல் பருவத்தின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. அன்றிரவே முழுவதையும் பார்த்தவரும், வாரம் ஒன்றாகப் பார்த்தவரும் ஒரே இடத்தில் கூடி உரையாட நேர்ந்தது. 'நேற்று வந்த பகுதி' என்ற பொதுவான அளவுகோல் இல்லாமல் போயிற்று.

நேர மண்டலமும் ஒரு காரணம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒளிபரப்பானபோது இந்தியாவில் திங்கள் காலை. அமெரிக்க ரசிகர் உடனே எழுதிய ஒரு வரியை, வேலைக்கோ பள்ளிக்கோ கிளம்பிக்கொண்டிருந்த இந்திய ரசிகர் பார்க்க நேர்ந்தது.

தாமதமாகப் பார்ப்பவர் அக்கறையற்றவர் என்று எண்ணுவது தவறு. தேர்வு முடியக் காத்திருக்கும் மாணவர், இரவுப் பணியில் உள்ள செவிலியர், முதல் வார நுழைவுச்சீட்டு விலை கட்டுப்படியாகாத குடும்பம், ஊரில் திரையரங்கே இல்லாதவர், படம் வெளியாகாத நாட்டில் வாழ்பவர் ஆகியோரும் அவர்களில் உண்டு. முதல் நாளே பார்க்க வாய்த்தவருக்குக் கிடைத்த அதே வியப்பு, மூன்றாம் வாரம் பார்ப்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதில்தான் இந்த நாகரிகத்தின் நியாயம் அடங்கியிருக்கிறது.

எவ்வளவு காலம் காக்க வேண்டும்?

இதற்கு எல்லோரும் ஏற்ற விடை இல்லை. முதல் வார இறுதி வரை என்பாரும், ஓடிடியில் வரும் வரை என்பாரும், என்றைக்கும் சொல்லக் கூடாது என்பாரும் உண்டு. தெளிவான எல்லை வகுக்கப்பட்ட அரிய நிகழ்வு 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்'.

படம் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பு அதன் காட்சிகள் சில இணையத்தில் கசிந்தன. இயக்குநர்களான அந்தோணி ரூசோ, ஜோ ரூசோ சகோதரர்கள் ஏப்ரல் 16 அன்று ரசிகர்களுக்குத் திறந்த கடிதம் எழுதி, யாருக்கும் கதையைக் கெடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டனர். ஏப்ரல் 26 அன்று இந்தியாவிலும் அமெரிக்காவிலும் படம் வெளியானது. தமிழ் மொழிமாற்றமும் உடன் வந்தது. அயர்ன் மேன் பாத்திரத்துக்கு நடிகர் விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். ஆகவே தமிழ் ரசிகர்களும் உலக ரசிகர்களோடு ஒரே நாளில் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தனர். மே 6 முதல் வெளிப்படையாகப் பேசலாம் என்று இயக்குநர்களே பின்னர் அறிவித்தனர். அதே நாளில் வெளியான 'ஸ்பைடர்மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்' படத்தின் முன்னோட்டத்தில் நடிகர் டாம் ஹாலண்ட் முதலில் தோன்றி, 'எண்ட்கேம்' பார்க்காதவர்கள் இதைப் பார்க்க வேண்டாம் என்று எச்சரித்தார்.

பெரும்பாலான படங்களுக்கு இப்படி நாள் குறிப்பவர் யாரும் இல்லை. அங்கே காலத்தைவிட இடமே முக்கியம். 'முழுக் கதையுடன் உரையாடல்' என்று தலைப்பிட்ட இடத்தில் வெளியான அன்றே எல்லாவற்றையும் பேசலாம். அறிவிப்பில்லாத பொது இடத்தில் பத்து ஆண்டுக்குப் பின்னும் சிறிது கவனம் தேவை. பழைய படத்துக்கும் புதிய பார்வையாளர் இருக்கிறார். 'சைக்கோ' வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதை அடுத்த வாரம் முதன்முறையாகப் பார்க்கப் போகும் பதினேழு வயது மாணவருக்கு அது புதுப்படமே. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய, பாடல்களே இல்லாத மர்மப்படமான 'அந்த நாள்' பற்றியும் இவ்வாறே சொல்லலாம்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

முடிவு தெரிந்தால் சுவை உண்மையிலேயே குறைகிறதா என்பதை உளவியலாளர்கள் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த ஜோனதன் லீவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு பலரை வியப்பில் ஆழ்த்தியது. அவர்கள் 12 சிறுகதைகளை மாணவர்களிடம் கொடுத்துப் படிக்கச் செய்தனர். சிலருக்கு முடிவு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது, சிலருக்குத் தெரிவிக்கப்படவில்லை. முடிவை அறிந்து படித்தவர்களே சராசரியாகக் கதைகளை அதிகம் விரும்பினர்.

2015இல் பெஞ்சமின் ஜான்சன், ஜூடித் ரோசன்பாம் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் இதற்கு மாறான முடிவு கிடைத்தது. முடிவு தெரிந்தவர்கள் கதையைக் குறைவாகவே ரசித்தனர். அது அவர்களை ஈர்த்ததும் குறைவாகவே இருந்தது.

இரு ஆய்வுகளிலும் பயன்படுத்தப்பட்டவை சிறுகதைகள். இரண்டு ஆண்டுகள் ஆவலோடு காத்திருந்த ஒரு படத்தின் முடிவை நண்பர் வாயிலாக அறிவதும், ஆய்வுக்கூடத்தில் கையில் கொடுக்கப்பட்ட ஒரு கதையின் முடிவை அறிவதும் ஒன்றல்ல. தவிர, சராசரி என்பது பலரின் கூட்டுக் கணக்கு. பெரும்பாலோர் சர்க்கரை போட்ட காபியை விரும்பினாலும், கேட்காமல் ஒருவர் குவளையில் சர்க்கரை போடுவது முறையாகாது. சுவை குறைகிறதோ கூடுகிறதோ, தேர்வு செய்யும் வாய்ப்பு பறிபோவது உறுதி. "முடிவு தெரிந்தாலும் ரசிக்கலாமே" என்று முதல் ஆய்வைக் காட்டிக் கதையை உடைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

சொல்ல வேண்டிய இடங்கள்

ஸ்பாய்லர் நாகரிகம் வாய்ப்பூட்டு அன்று. முடிவைப் பேசாமல் ஒரு படைப்பை முழுமையாக ஆராய முடியாத இடங்கள் உண்டு.

திறனாய்வு: பார்க்கலாமா வேண்டாமா என்று வழிகாட்டும் விமர்சனம் வேறு, பார்த்தவர்களுக்காக எழுதப்படும் திறனாய்வு வேறு. முன்னதில் முடிவு தேவையில்லை. பின்னதில் அது தவிர்க்க முடியாதது. 2004இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய 'மில்லியன் டாலர் பேபி' படத்தின் முடிவு ஒரு கடினமான அறக்கேள்வியை எழுப்பியது. அதைக் கண்டித்தவர்கள் முடிவைப் பொதுவெளியில் வெளிப்படுத்தினர். புகழ்பெற்ற விமர்சகர் ரோஜர் ஈபர்ட், விமர்சகருக்கு அந்த உரிமை இல்லை என்று 2005இல் எழுதினார். ஒரு படத்தின் கருத்தோடு மோத விரும்புபவர் மோதலாம். முதலில் படிப்பவரை எச்சரித்துவிட்டு மோத வேண்டும் என்பதே இதிலிருந்து பெறத்தக்க நெறி.

கலைக்களஞ்சியம்: இதன் கடமை முழுத் தகவலையும் தருவது. ஆங்கில விக்கிப்பீடியாவில் கதைச்சுருக்கத்துக்கு மேல் எச்சரிக்கைப் பெட்டி இடும் வழக்கம் முன்பு இருந்தது. 2007இல் அது கைவிடப்பட்டது. 'கதை' என்று தலைப்பிட்ட பகுதியில் கதை இருக்கும் என்பது படிப்பவருக்குத் தெரியும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 'தி மவுஸ்டிராப்' பற்றிய கட்டுரையில் கொலையாளியின் பெயர் இருப்பது குறித்துக் கிறிஸ்டியின் பேரன் மாத்யூ பிரிச்சர்ட் 2010இல் வருத்தம் தெரிவித்தார். எனினும் விக்கிப்பீடியா அதை நீக்கவில்லை. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அரங்கில் ஒருவர் கேட்டுக்கொண்டதை மதிப்பது பார்வையாளரின் பண்பு. தேடி வந்தவருக்கு விடை தருவது களஞ்சியத்தின் பணி. தெளிவான தலைப்பு இருந்தால் இரண்டும் மோத வேண்டியதில்லை.

முன்னெச்சரிக்கை தேவைப்படுவோர்: சிலருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது அவசியம். அண்மையில் குழந்தையை இழந்த பெற்றோர், வன்முறையால் பாதிக்கப்பட்டவர், விரைந்து மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர் ஆகியோர் ஒரு படத்தில் அத்தகைய காட்சி உண்டா என்று கேட்கும்போது, ஸ்பாய்லர் என்று சொல்லி மறைப்பது நாகரிகமாகாது. கதையில் நாய் இறக்கிறதா என்ற கேள்வியையே பெயராகக் கொண்ட 'டஸ் த டாக் டை' என்னும் இணையதளம் இவ்வகைத் தகவல்களைப் பார்வையாளர்களிடமிருந்து திரட்டித் தருகிறது. கேட்டவருக்குத் தனியாகச் சொல்வதும், கேட்காதவருக்குச் சொல்லாதிருப்பதும் ஒரே நெறியின் இரு பக்கங்கள்.

நடைமுறையில் எப்படி எழுதுவது?

ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். மலைக்கிராமம் ஒன்றில் தபால்காரர் காணாமல் போகிறார். அவரைத் தேடி மகள் வருகிறாள். இறுதியில், ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியரே குற்றவாளி எனத் தெரிகிறது. இதைப் பற்றி மூன்று விதமாக எழுதலாம்.

"காணாமல் போன தந்தையைத் தேடி மலைக்கிராமத்துக்கு வரும் மகளின் கதை. நிதானமாகத் தொடங்கினாலும் பிற்பாதி இறுக்கமாக உள்ளது." இது முறையான அறிமுகம்.

"படம் முழுவதும் நல்லவராக வரும் ஒருவர் கடைசியில் அதிர்ச்சி தருகிறார்." பெயர் இல்லை, ஆனால் விழிப்பான பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார். இதைத் தவிர்ப்பது நல்லது.

"தலைமையாசிரியர் வேடத்தில் வில்லனாக மிரட்டியிருக்கிறார்." நடிப்பைப் பாராட்டும் நல்லெண்ணத்தில் எழுதிய இவ்வரி, முழுக் கதையையும் உடைத்துவிட்டது. ஸ்பாய்லர்களில் பெரும்பகுதி இவ்வாறு கெடுக்கும் எண்ணமின்றி, மகிழ்ச்சியைப் பகிரும் அவசரத்தில் நிகழ்வதே.

எழுதுவோர் நினைவில் கொள்ள வேண்டியவை:

1. எச்சரிக்கை முதலில், செய்தி பின்னர். எச்சரிக்கையும் செய்தியும் ஒரே வரியில் இருந்தால் கண் இரண்டையும் ஒன்றாகவே படித்துவிடும்.

2. எச்சரிக்கையில் படத்தின் பெயரும், தொடரானால் எந்தப் பகுதி வரை என்பதும் இருக்க வேண்டும். வெறுமனே 'ஸ்பாய்லர் உள்ளது' என்றால் எதைப் பற்றி என்று தெரியாது.

3. தலைப்பு, முகப்புப் படம், முதல் வரி ஆகியவற்றில் முடிவு தெரியக் கூடாது.

4. ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போது ஒப்பீட்டுக்காக இன்னொரு படத்தின் முடிவைச் சொல்லிவிடக் கூடாது. முதல் படத்துக்கு எச்சரிக்கை இருந்திருக்கும், இரண்டாவதற்கு இருந்திராது.

5. மூல நாவலைப் படித்தவர், தொடரை மட்டும் பார்ப்பவரிடம் அடுத்து வருவதைச் சொல்லாதிருக்க வேண்டும். வேற்றுமொழி மூலப்படத்தைப் பார்த்தவருக்கு, அதன் தமிழ் மறு ஆக்கம் வரும்போதும் இது பொருந்தும்.

6. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவராவது பார்க்கவில்லை என்றால், பார்த்தவர்கள் தனியே பேசிக்கொள்வது நல்லது.

படிப்போருக்கும் கடமை உண்டு. பார்க்காத படத்தைப் பற்றிய முழு உரையாடலுக்குள் தாமே நுழைந்துவிட்டு அங்குள்ளோரைக் கடிவது நியாயமன்று. படம் வெளியாகும் வாரத்தில் அதன் பெயர் கொண்ட பதிவுகள் கண்ணில் படாதவாறு மறைக்கும் வசதியைப் பல தளங்கள் அளிக்கின்றன. நண்பர்களிடம் "நான் இன்னும் பார்க்கவில்லை" என்று முன்பே சொல்லிவைப்பது அதைவிட எளிது. உலகமே தமக்காக வாய்மூடி இருக்க வேண்டும் என எதிர்பார்ப்பதும், தமக்குத் தெரிந்ததை உலகம் முழுவதும் உடனே கேட்க வேண்டும் என எதிர்பார்ப்பதும் ஒரே வகைத் தன்னலமே.

நாகரிகமும் சட்டமும்

கதையை வாயால் சொல்வதும் எழுதுவதும் பண்பு சார்ந்தவை, அவை குற்றமல்ல. ஆனால் திரையரங்கில் ஓடும் படத்தைக் கைப்பேசியில் பதிவு செய்வது வேறு. இந்தியாவில் 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி, அனுமதியின்றி அவ்வாறு பதிவு செய்வதற்கும் பரப்புவதற்கும் குறைந்தது மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அபராதம் படத்தின் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை உயரலாம். நாயகன் அறிமுகக் காட்சியைப் பதிவு செய்து 'ஸ்டேட்டஸ்' வைப்பதை இளைஞர்கள் பலர் விளையாட்டாக எண்ணுகின்றனர். சட்டத்தின் பார்வையில் அது விளையாட்டன்று.

2021 ஜனவரியில் 'மாஸ்டர்' வெளியாவதற்கு முன் அதன் காட்சிகள் சில இணையத்தில் கசிந்தபோது, அவற்றைப் பகிர வேண்டாம் என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் வேண்டினார். பலரின் நீண்ட உழைப்பை முன்னிறுத்தியே அவர் அதைக் கேட்டார். கசிந்த காட்சி பார்வையாளரின் வியப்பைக் கெடுப்பதோடு, படைத்தவர்களின் உழைப்பையும் வீணாக்குகிறது என்பதை அந்த வேண்டுகோள் உணர்த்தியது.

முடிவுரை

இந்த நாகரிகத்தைக் காக்க ஒரு சிறிய எச்சரிக்கை வரி, கொஞ்சம் வெற்றிடம், ஒரு மறைகுறி, "பார்த்துவிட்டாயா?" என்ற ஒரு கேள்வி ஆகியவை போதும். அந்தக் கேள்விக்கு "இல்லை, பரவாயில்லை, சொல்" என்று விடை வந்தால் தாராளமாகச் சொல்லலாம். "இல்லை" என்று மட்டும் வந்தால், அவர் பார்த்துவிட்டு வரும் நாள்வரை காத்திருக்கலாம். அதன்பின் இருவரும் சேர்ந்து பேசும்போது அந்த முடிவைப் பற்றிச் சொல்வதற்கு இருவரிடமும் ஏதாவது இருக்கும்.